வாசகர் கேள்வி–பதில்: வேதத்தில் இல்லாததை ஏன் செய்கிறோம்?

ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு பக்கம் தொண்டி, மறுபக்கம் மூக்கையூர் வரை கடற்கரை ஊர்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: வேதாகமம் கையில் இருக்கும்போது கத்தோலிக்கருக்கு மரபு எதற்கு? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

*

கேள்வி: எங்கள் தெருவில் ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டர் 2 திமொத்தேயு 3:16-17ஐக் காட்டி, "வேதமே போதும், பாரம்பரியம் மனுஷன் சேர்த்தது" என்கிறார். நான் என்ன பதில் சொல்ல? (வாசகர், மண்டபம்)

பதில்: முதலில் அந்தப் பகுதியை இரண்டு வசனம் முன்னாலிருந்து வாசியுங்கள். 14ஆம் வசனத்தில் பவுல், 'நீ கற்றுக்கொண்டதில் நிலைத்திரு, யாரிடம் கற்றாய் என்று உனக்கே தெரியும்' என்ற பொருளில் தொடங்குகிறார். முதலில் நிற்பது கற்றுக்கொடுத்த ஆள். 15ஆம் வசனத்தில், திமொத்தேயு சிறு பிள்ளையிலிருந்தே அறிந்த மறைநூல் வருகிறது. அவர் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் புதிய ஏற்பாட்டில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆக அங்கே பேச்சு பழைய ஏற்பாட்டைப் பற்றியது. 16ஆம் வசனம் மறைநூல் முழுவதும் கடவுளின் தூண்டுதலால் வந்தது, பயனுள்ளது என்கிறது. 'இது மட்டுமே' என்று சொல்லவில்லை.

ஆனால் பாஸ்டர் 17ஆம் வசனத்தை அழுத்திப் பிடிப்பார்: கடவுளின் மனிதர் முழுமையாகத் தேர்ந்தவராக மறைநூல் போதும் என்றால் வேறு எது வேண்டும் என்பார். இதைச் சிரித்துத் தள்ள முடியாது, கனமான வாதம்தான். யாக்கோபு 1:4ஐத் திறந்து வையுங்கள். மனவுறுதி முழுமையாகச் செயல்பட்டால் எதிலும் குறையில்லாதவர் ஆவீர்கள் என்கிறது அது. அதை வைத்து 'மனவுறுதி மட்டும் போதும், வேதம் வேண்டாம்' என்று யாரும் சொல்வதில்லை. ஒன்று முழுமை தரும் என்பதால் மற்றது வேண்டாதது ஆகிவிடாது.

அடுத்தது காலக்கணக்கு. தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறத்தாழ கி.பி. 50-51. மாற்கு நற்செய்தி 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆண்டவர் உயிர்த்தபின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திருச்சபை திருமுழுக்குக் கொடுத்தது, அப்பம் பிட்டது, இரத்தசாட்சிகளைக் கண்டது. அப்போது கையில் புதிய ஏற்பாடு கிடையாது. பவுலே 1 கொரிந்தியர் 11:23இலும் 15:3இலும் தான் பெற்றதை அப்படியே ஒப்படைத்ததாகச் சொல்கிறார். பெற்றேன், ஒப்படைத்தேன் என்ற இந்த இரண்டு வினைச்சொற்களுக்குள் மரபு முழுவதும் அடங்கிவிடும். பெறுவதைவிடக் கொடுப்பதே பேறு என்ற ஆண்டவரின் வார்த்தையும் நான்கு நற்செய்தியில் எதிலும் இல்லை. அது திருத்தூதர் பணி 20:35இல் பவுலின் வாய்வழியாகத்தான் நம்மிடம் வந்தது.

இதற்கு நம் கரையே சாட்சி. புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழில் வேதாகமம் இல்லை. விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், பத்துக் கட்டளை ஆகியவற்றை ஊர்க்காரர் துணையோடு தமிழாக்கி மனப்பாடம் செய்தார். அவர் கற்பித்த விதத்தை 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஞாயிறுதோறும் ஊரைக் கூட்டி, பிரமாணத்தின் 12 பிரிவுகளில் ஒன்றைச் சொல்வார், கூட்டம் திருப்பிச் சொல்லும். 'இதை உறுதியாக நம்புகிறீர்களா?' என்று கேட்பார். எல்லோரும் இரு கைகளையும் நெஞ்சின்மேல் சிலுவையாக வைத்து 'ஆம்' என்பார்கள். பிறகு அடுத்த பிரிவு. அச்சில் வந்ததும் இந்தப் பாடந்தான்: 1578இல் கொல்லத்தில் அண்டிரிக்கி அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'. தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது 1715இல், தரங்கம்பாடியில், அதுவும் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் கையால். நடுவே ஏறத்தாழ 170 ஆண்டுகள். அந்தக் காலத்தில் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி 1549இலும், ஓரியூரில் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இலும் உயிர் கொடுத்தார்கள். அச்சிட்ட வேதாகமம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காத தலைமுறைகளுக்கு விசுவாசம் எப்படி வந்தது என்று பாஸ்டரைக் கேளுங்கள். சண்டைக்காக இல்லை, அவர் பாட்டன் பூட்டனுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். ஏறத்தாழ கி.பி. 180இல் லியோன் நகர ஆயர் இரேனியு, தாளும் மையும் இல்லாமல் இதயத்தில் எழுதப்பட்ட மீட்பைக் காத்துவரும் மக்களைப் பற்றி எழுதியபோது இப்படிப்பட்டவர்களைத்தான் சொன்னார்.

ஒரு தப்பை நம் பக்கமும் திருத்த வேண்டும். வேதம் ஒரு மூட்டை, மரபு பக்கத்திலேயே இன்னொரு மூட்டை, முதலாவதில் இல்லாதது இரண்டாவதில் இருக்கும் என்று மறைக்கல்வியில் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். திரிதெந்து நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் 1546 ஏப்ரல் 8இல் வேதத்தையும் மரபையும் பற்றி அறிவிக்கும் முன் வந்த வரைவில், உண்மை 'பாதி நூல்களில், பாதி மரபுகளில்' என்று பிரித்துத்தான் இருந்தது. சங்கம் அதை வெட்டிவிட்டு 'நூல்களிலும் எழுதப்படாத மரபுகளிலும்' என்று 'உம்' போட்டுச் சேர்த்தது. 1965 நவம்பர் 18இல் வந்த இறைவெளிப்பாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு 9ஆம் எண்ணில், இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்கிறது. 10ஆம் எண்ணில், கற்பிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலே இல்லை, அதற்கு ஊழியம் செய்கிறது என்கிறது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

*

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். ஆண்டவரே மாற்கு 7இல் பாரம்பரியத்தைக் கண்டித்திருக்கிறாரே. எங்களிடம் மரபு இல்லாமல்தானே சபை நடக்கிறது? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: கண்டித்தது உண்மை. எந்த மரபை என்று பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் 'பரதோசிஸ்' என்பது ஒரே சொல், கையளித்தது என்று பொருள். மாற்கு 7:8இல் கண்டிக்கப்படுவதும் அதுவே, 2 தெசலோனிக்கர் 2:15இல் வாய்மொழியாகவோ கடிதம் மூலமாகவோ பெற்றதைப் பற்றிக்கொள்ளச் சொல்வதும் அதுவே. உங்கள் பழைய திருப்புதலில் முதலாவது 'பாரம்பரியம்' என்றும் இரண்டாவது 'முறைமைகள்' என்றும் இருக்கிறது. அதனால் தமிழில் வாசிப்பவருக்குப் பாரம்பரியம் என்றாலே கெட்டது என்று தோன்றிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றம் சொல்ல வரவில்லை, ஆனால் இரண்டு இடத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் கணக்குச் சரியாகும்.

மரபு இல்லாமல் நடக்கிறது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. உங்கள் ஆராதனையில் நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்கிறீர்கள். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்ற சொல் வேதத்தில் இல்லை. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதைச் சேர்க்க வேண்டி வந்ததற்குக் காரணம், மகன் படைக்கப்பட்டவர் என்ற எதிர்த்தரப்பு ஆரியு கூட்டமும் வேத வசனத்தைத்தான் காட்டியது. நீதிமொழிகள் 8:22 ஒன்று, 'தந்தை என்னைவிடப் பெரியவர்' என்ற யோவான் 14:28 இன்னொன்று. இரு பக்கமும் ஒரே நூலைத் தூக்கிப் பிடித்தால் நூல் தீர்ப்புச் சொல்லாது. அப்போது சபை இதுவரை எப்படி விசுவசித்தது, யாரிடம் ஜெபித்தது, எந்தப் பெயரில் திருமுழுக்குக் கொடுத்தது என்று கேட்டுத்தான் முடிவு கட்டினார்கள்.

நம் இரு சபைகளுக்கும் உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் சபையின் வேர்களில் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஆறாவது, மீட்புக்குத் தேவையான எல்லாம் வேதத்தில் அடங்கியிருக்கிறது, அதில் வாசிக்கவோ அதைக்கொண்டு நிறுவவோ முடியாததை விசுவாசமாக யார்மேலும் சுமத்தக் கூடாது என்கிறது. 34ஆம் விதி சபை மரபுகளை அனுமதிக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்கிறது. ஆக உங்களிடமும் மரபு உண்டு. அதற்கு விசுவாசத்தைக் கட்டளையிடும் உரிமை உண்டா என்பதில்தான் பிரிகிறோம்.

*

கேள்வி: மகளுக்கு வேதாகமம் வாங்கப் போனோம். ஒன்றில் 66 நூல், ஒன்றில் 73. எதை வாங்குவது? எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, தொண்டி)

பதில்: கடையில் நிற்கும்போதே பொருளடக்கத்தைத் திறந்து தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, 1 மக்கபேயர், 2 மக்கபேயர் ஆகிய ஏழும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 73 (46+27). இல்லையென்றால் 66 (39+27). அட்டையின் நிறத்தையும் 'பரிசுத்த வேதாகமம்', 'திருவிவிலியம்' என்ற பெயரையும் மட்டும் நம்ப வேண்டாம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து செய்தது. அதில் இந்த நூல்கள் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே 'இணைத்திருமுறை' என்ற தலைப்பில் வரும்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு இடத்தில் தடுமாறுவீர்கள். ஒன்று, தானியேல். சூளையில் மூன்று இளைஞர் பாடிய பாடலைத் தானியேல் நூலிலேயே தேடினால் கிடைக்காது. கிரேக்கத்தில் மட்டும் உள்ள பகுதிகள் 'தானியேல் (இ)' என்று தனியே இருக்கும். திருப்பலி வாசகக் குறிப்பில் அந்த '(இ)'யைக் கவனிக்காமல் விட்டுவிட்டு வாசகர் மேடையில் புரட்டிக்கொண்டு நிற்பது வழக்கமாகவே நடக்கிறது. இரண்டு, திருப்பாடல் எண். 'ஆண்டவரே என் ஆயர்' இப்போது 23. பாட்டியின் பழைய கத்தோலிக்க செபப்புத்தகத்தில் 22 என்று இருக்கும். தவக்காலத்தில் பாடும் 51, அங்கே 50. பழைய இலத்தீன் கணக்கு அது. அச்சுப்பிழை இல்லை.

சரி, யார் சரி? புத்தகத்துக்குள் எந்தெந்த நூல்கள் வேதம் என்ற பட்டியல் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை இன்றைய அதே எண்ணிக்கையில் நமக்குக் கிடைத்தவற்றில் முதலில் வரிசைப்படுத்தியது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பாஸ்கா கடிதம். பிறகு ஹிப்போ நகரில் 393இலும் கார்த்தேசு நகரில் 397இலும் கூடிய ஆப்பிரிக்கச் சங்கங்கள். கோயிலில் எதை வாசித்து வந்தார்கள், எது திருத்தூதர்களிடமிருந்து வந்தது என்று விசாரித்து வந்த முடிவு அது. 66 வைத்திருப்பவரும் அந்த 27ஐ மரபின் கையிலிருந்துதான் வாங்கினார். பழைய ஏற்பாட்டில் யூதரின் எபிரேயப் பட்டியலைப் பின்பற்றுவதா, தொடக்கத் திருச்சபை பயன்படுத்திய கிரேக்கத் தொகுப்பைப் பின்பற்றுவதா என்பதில் பிரிந்தார்கள். லுத்தர் 1534இல் இந்த நூல்களைப் பழைய ஏற்பாட்டின் முடிவில் தனியே அச்சிட்டார், தூக்கிப் போடவில்லை. 1826இல் பிரித்தானிய வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடப் பணம் தரமாட்டோம் என்று முடிவெடுத்தது. அதன்பிறகுதான் 66 மட்டும் உள்ள பிரதிகள் உலகமெங்கும் பரவின.

மகளுக்கு 73 உள்ளதை வாங்குங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்காக ஏன் மன்றாடுகிறோம் என்று அவள் கேட்டால், 2 மக்கபேயர் 12:38-45ஐத் திறந்து காட்ட அந்த நூல் கையில் இருக்க வேண்டும்.

*

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனால் ஊர்க்கமிட்டி அபராதம் போடுகிறது. இது வேதக் கட்டளையா? சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு விடியத்தான் கரை சேர்கிறது. அது பாவமா? (வாசகர், பாம்பன்)

பதில்: இதைக் கடல்காரருக்கு விளக்குவது எளிது. வாடைக் காற்று கடவுள் கொடுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை அரசு போட்டது. ஞாயிறு அபராதம் ஊர் போட்டது. மூன்றாலும் படகு கரையில்தான் நிற்கும், ஆனால் மூன்றும் ஒன்றா?

பத்துக் கட்டளையில் சொன்ன ஓய்வு நாள் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கு மாற்றுங்கள் என்று கட்டளையிடும் வசனம் கிடையாது. இருப்பது தடயங்கள்: வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடியது (திருத்தூதர் பணி 20:7), அந்த நாளில் காணிக்கை சேர்த்து வைக்கச் சொன்னது (1 கொரிந்தியர் 16:2), 'ஆண்டவரின் நாள்' என்ற பெயர் (திருவெளிப்பாடு 1:10). ஏறத்தாழ 155இல் உரோமையில் யுஸ்தின், ஞாயிறன்று ஊரும் நாட்டுப்புறமும் ஓரிடத்தில் கூடி, நேரம் இருக்கும்வரை திருத்தூதர்களின் எழுத்துகளை வாசித்து, அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுத்ததை எழுதியிருக்கிறார். உயிர்ப்பு நாளில் கூடுவது திருத்தூதர் காலத்திலேயே தொடங்கியது. இது முதல் அடுக்கு, யாரும் மாற்ற முடியாதது. சனிக்கிழமை அனுசரிக்கும் சபைக்காரர் இங்கேதான் நம்மை மடக்குவார், 'வேதம் மட்டுமே என்பவர்களும் ஞாயிறு கும்பிடுகிறார்களே' என்று. அவர் கேட்பது நியாயமான கேள்வி. பதில் மரபில் இருக்கிறது.

இரண்டாவது அடுக்கு திருச்சபைச் சட்டம்: ஞாயிறு திருப்பலியில் பங்கெடுக்க வேண்டும், வழிபாட்டையும் ஓய்வையும் கெடுக்கும் வேலையைத் தவிர்க்க வேண்டும் (சட்ட எண் 1247). சனி மாலைத் திருப்பலியும் கணக்கில் சேரும் (1248). நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தை தனிப்பட்டவருக்கு விலக்கு அளிக்கலாம் (1245). ஞாயிறு ஓய்வை முதலில் அரசுச் சட்டமாக்கிய கான்ஸ்டன்டைன் 321இல் உழவர்களுக்கு விலக்குக் கொடுத்தார். விதைக்க ஏற்ற நாள் தப்பினால் திரும்ப வராது என்பது அவர் சொன்ன காரணம். மீன்பாட்டுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

மூன்றாவதுதான் கமிட்டியின் அபராதம். அது ஊர்க்கட்டுப்பாடு. கெட்டது என்று சொல்லமாட்டோம். ஒருவர் போனால் மற்றவரும் போட்டிக்கு இறங்குவார், கூலிக்குப் போகும் ஆளுக்கு ஓய்வே கிடைக்காது. அதைத் தடுக்கத்தான் பெரியவர்கள் இதை வைத்தார்கள். ஆனால் 'கடவுள் கட்டளையை மீறினாய்' என்று சொல்லி வசூலிக்கக் கூடாது. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: சனிக்கிழமை போன படகு ஞாயிறு விடியக் கரை சேர்வது பாவமில்லை. மீனை இறக்கி எடை போடவும் ஐஸ் வைக்கவும் ஆகும் நேரம் போக, மாலைத் திருப்பலி இருந்தால் அதற்குப் போங்கள். இல்லாத ஊரானால் புறப்படும் முன்பே பங்குச்சாமியிடம் சொல்லிவிடுங்கள்.

*

கேள்வி: நன்மை (நற்கருணை) வாங்க நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பார் என் அம்மாச்சி. இப்போது ஒரு மணி நேரம் என்கிறார்கள். மரபை மாற்றலாமா? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: இது ஒழுங்குமுறை, மாற்றலாம். 1953இல் தண்ணீர் குடிக்கலாம் என்று விலக்குக் கிடைத்தது. 1957இல் திட உணவுக்கு மூன்று மணி நேரம் ஆனது. 1964இல் ஒரு மணி நேரம். கணக்கு நன்மை வாங்கும் நேரத்திலிருந்து, பூசை தொடங்கும் நேரத்திலிருந்து இல்லை. தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுக்கலாம். வயதானவருக்கும் நோயாளிக்கும் அவர்களைக் கவனிப்பவருக்கும் இந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. சர்க்கரை நோய் உள்ள அம்மாச்சிகள் தயவுசெய்து வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.

*

கேள்வி: மாதா விண்ணேற்பு, அதாவது மாதா உடலோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, வேதத்தில் எங்கே இருக்கிறது? ஆகஸ்டு 15 வந்தால் எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள். (வாசகர், மூக்கையூர்)

பதில்: நேரடியாக எங்கேயும் இல்லை. திருவெளிப்பாடு 12இல் கதிரவனை ஆடையாக உடுத்திய பெண்ணைக் காட்டி 'இதோ இருக்கிறது' என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால் அந்தப் பெண் பாலைவனத்துக்கு ஓடுகிறாள், வாதம் அங்கேயே கவிழும்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1946 மே 1இல் உலக ஆயர்கள் எல்லோருக்கும் எழுதி, உங்கள் மக்கள் இதை விசுவசிக்கிறார்களா, அறிவிக்கலாமா என்று கேட்டார். மிகப் பெரும்பாலோர் ஆம் என்றார்கள். 1950 நவம்பர் 1இல் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். கீழைத் திருச்சபைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இந்த விழாவைக் கொண்டாடி வந்தன என்பதும், திருத்தூதர்களின் எலும்புகளுக்கு ஊர் ஊராகப் போட்டி இருந்தும் மாதாவின் எலும்பு எங்களிடம் இருக்கிறது என்று எந்த நகரமும் கேட்டதில்லை என்பதும் ஆதரவாகச் சொல்லப்படுபவை. இரண்டாவது மௌனத்திலிருந்து எடுக்கும் வாதம், அதன் பலம் அவ்வளவுதான். பிற சபையார் இதை ஏற்காததற்கு வலுவான காரணம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ளுங்கள். மரபுக்கு எவ்வளவு எடை என்ற கேள்வி எங்கேயும் இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. பிள்ளைகளிடம், 'வேதத்தில் இருக்கிறது' என்று வாதாடாமல், 'திருச்சபை பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடி வந்ததை விசுவசிக்கிறோம்' என்று சொல்லச் சொல்லுங்கள். பொய் சொல்லாத பிள்ளையைக் கேலி செய்வது கடினம்.

*

கேள்வி: ஓரியூர் சிவப்பு மண்ணை வீட்டில் வைத்துக் கும்பிடலாமா? (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: வைக்கலாம். அருளானந்தர் 1693 பிப்ரவரி 4இல் அங்கே தலை வெட்டப்பட்டார், 1947இல் புனிதரானார் என்பது வரலாறு. மண் சிவந்தது அவர் இரத்தத்தால் என்பது பக்தி. அதை நம்பாதவர் விசுவாசத்தில் குறைந்தவர் ஆகமாட்டார். மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 'இந்த அந்தோணியார் செய்தியை 13 பேருக்கு அனுப்பு, தவறினால் கேடு' என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்த உடனே அழியுங்கள். வேதத்திலும் இல்லை, மரபிலும் இல்லை. புனிதர் பேரைச் சொல்லி மிரட்டுவது, அவ்வளவே.

*

கேள்வி: (பெயரும் ஊரும் வேண்டாம்) எங்கள் ஊர்த் திருவிழாவில் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. கேட்டால் 'அது ஆதிகால மரபு' என்கிறார்கள்.

பதில்: மாற்கு 7இல் ஆண்டவர் கண்டித்தது அப்பட்டமாக இதைத்தான். கொர்பான் என்றால் கடவுளுக்கு நேர்ந்தது. தாய் தகப்பனுக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை 'இது கொர்பான்' என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று சட்டவல்லுநர் வழக்கம் வைத்திருந்தார்கள். பணம் அவன் கையிலேயே இருக்கும். பக்தியின் பேரால் கட்டளை வெட்டப்பட்டது. சாமியின் பேரால் ஒரு தெரு வெட்டப்படுவதும் அதே கணக்கு.

ஒரு வழக்கத்தைத் திருமரபு என்று யாராவது சொன்னால் அவரிடம் இப்படிக் கேளுங்கள். இது எந்தத் திருத்தூதரிடமிருந்து வந்தது? உலகத்தின் மற்றத் திருச்சபைகளில் இது உண்டா? இதை விட்டுவிட்டால் விசுவாசப் பிரமாணத்தில் எந்த வரி விழும்? வேதத்தின் எந்தக் கட்டளையை இது மிதிக்கிறது? சப்பரம் வராத தெருவுக்கு முதல் மூன்றிலும் பதில் கிடையாது. நான்காவதற்குப் பதில், கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28இல் இருக்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி 83ஆம் எண்ணில் திருத்தூது மரபையும் காலப்போக்கில் உள்ளூரில் முளைத்த மரபுகளையும் பிரித்துக் காட்டி, பின்னதை வைத்துக்கொள்ளலாம், திருத்தலாம், கைவிடவும் செய்யலாம் என்கிறது. கொடியேற்றத்துக்கு முந்தின பங்குப்பேரவைக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது அடுத்த ஆண்டுக்குள் மறந்துபோகும். பேரவை அசையவில்லை என்றால் மறைமாவட்டத்துக்கு எழுதுங்கள்.

*

கேள்வி: பேரன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது நானே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். பிள்ளை தேறிவிட்டான். பங்குச்சாமி இல்லாமல் நான் கொடுத்தது செல்லுமா? திரும்பக் கொடுக்க வேண்டுமா? (வாசகி, கீழக்கரை)

பதில்: சரியாகக் கொடுத்திருந்தால் செல்லும். திரும்பக் கொடுக்கவே கூடாது. ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம், பிற மதத்து நர்ஸ்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால். மரபும் வேதமும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதற்கு இது நல்ல இடம். தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் என்பது மத்தேயு 28:19. ஆனால் முழுக வைக்காமல் தலையில் ஊற்றினால் போதுமா என்பதற்கு வேதத்தில் விளக்கம் இல்லை. முதல் நூற்றாண்டின் முடிவை ஒட்டி எழுதப்பட்ட 'திதாக்கே' என்ற சிறு நூல் சொல்கிறது: ஓடும் நீரில் கொடு, இல்லையென்றால் வேறு நீரில், குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீரில், எதுவும் போதிய அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று.

நீங்கள் செய்ததை இப்படிச் சரிபாருங்கள். தண்ணீர் உண்மையான தண்ணீரா? குழாய் நீர், கிணற்று நீர், கடல்நீர்கூடச் செல்லும். பன்னீரோ இளநீரோ செல்லாது. தலையில் பட்டு வழிந்ததா? கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சால் நெற்றியில் சிலுவை மட்டும் போட்டிருந்தால் சந்தேகம்தான். ஊற்றியவரும் வார்த்தை சொன்னவரும் ஒரே ஆளா? ஒருவர் ஊற்ற இன்னொருவர் செபம் சொன்னால் ஆகாது. வார்த்தை என்ன? 'தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்பது சரி. பழைய வழக்கில் 'பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து' என்று சொல்லியிருந்தாலும் சரி, போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல் அது, பொருள் ஒன்றே. 'இயேசுவின் நாமத்தில்' என்று மட்டும் சொல்லியிருந்தால் செல்லாது. 'நாங்கள் அளிக்கிறோம்' என்று குடும்பமாகச் சேர்ந்து சொல்வதும் செல்லாது என்று 2020 ஆகஸ்டில் உரோமை தெளிவாக்கிவிட்டது. பாசத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்வதில்தான் இந்தத் தப்பு அதிகம் நேர்கிறது.

எல்லாம் சரியென்றால் பங்கு அலுவலகத்துக்குப் போய்த் தேதி, இடம், நீங்கள் சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர் ஆகியவற்றைச் சொல்லித் திருமுழுக்குப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நம்பத்தக்க சாட்சி ஒருவர் போதும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். இருபது ஆண்டு கழித்துக் கல்யாண ஓலை வாசிக்கும் நேரத்தில் சான்று இல்லாமல் அலைவார்கள். எண்ணெய் பூசுதல், வெள்ளை ஆடை, மெழுகுதிரி ஆகியவை விட்டுப்போயிருக்கும். பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவந்து அவற்றை மட்டும் நிறைவு செய்வார்கள், தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். மேலே சொன்னதில் ஏதாவது ஒன்று உறுதியாக நினைவில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் சாமியிடம் சொல்லுங்கள். விசாரித்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் 'நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பார்.